விழா முடியும் வரை பொறுத்த வலி

விழாவுக்கு வருவோர் மேடையைப் பார்ப்பர். மேடையின் ஓரத்தில், கருந்துணி போர்த்திய மேசைக்குப் பின்னே, கம்பிச் சுருள்களுக்கு நடுவில் நிற்கும் மனிதரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஒலி செவ்வனே கேட்கும் வரை அவர் நினைவு எவர்க்கும் வருவதில்லை. மைக் ஒருமுறை கீச்சிட்டுவிட்டால் மட்டும் கூட்டம் முழுவதும் ஒருங்கே அவர் பக்கம் திரும்பும். பேச்சாளர் பேசி அமர்கிறார். பாடகர் பாடிச் செல்கிறார். தலைவர்க்கு மாலை விழுகிறது. எல்லோரும் உண்டு முடித்து வீடு திரும்பிய பின்னரே அந்த மனிதரின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. கட்டியவற்றையெல்லாம் கழற்ற வேண்டும். கழற்றியவற்றை வண்டியில் ஏற்ற வேண்டும். அத்தகையோரின் உடல்நலத்தைப் பற்றியே இக்கட்டுரையில் சில சொல்ல விரும்புகின்றோம்.

நம் பீன்யா 1970-களில் தொழிற்பேட்டையாக எழுந்த ஊர் என்பதும், தென்கிழக்கு ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக இதனைக் கூறுவர் என்பதும் அன்பர்கள் அறிந்தவையே. லேத் பட்டறைகளையும் முலாம் பூசும் கூடங்களையும் ஆயத்த ஆடை ஆலைகளையும் நம்பித் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாம். அந்தப் பட்டறைகளுக்கு நடுவே, தகரக் கூரையிட்ட கிடங்குகளில், வேறொரு தொழிலும் வளர்ந்து வந்திருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டிகள், விளக்குகள், அலுமினியச் சட்டங்கள், எல்.இ.டி. திரைகள், ஜெனரேட்டர்கள் ஆகியவற்றை வாடகைக்கு விடும் தொழில் அது. துமகூரு சாலையில் 2007-ஆம் ஆண்டு பெங்களூர்ப் பன்னாட்டுக் கண்காட்சி மையம் திறக்கப்பட்ட பின்னர் இத்தொழிலுக்கு வேலை பெருகிற்று. 2024 நவம்பரில் மெட்ரோ இரயிலும் அம்மையத்தின் வாயிலில் உள்ள மாதாவரா வரை நீண்டது. கண்காட்சி, திருமண வரவேற்பு, கோயில் விழா, கட்சிக் கூட்டம், கல்லூரி விழா என எது நடந்தாலும் சுமையை ஏற்றி இறக்குவோருள் நம்மவர் பலர் உண்டு. ஊரில் “மைக்செட்காரர்” என்று அழைக்கப்பட்டவரே இங்கே “டெக்னீஷியன்” என்று அழைக்கப்படுகிறார்.

அன்று நடந்தது

நம் சங்கத்தின் பொங்கல் விழா ஒன்றில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். பெயர் வேண்டா, அன்பர் பலர்க்கு ஆளைத் தெரியும். வயது 52. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பதினேழாவது வயதில், கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னை மரத்தில் கட்டுவதில் தொடங்கிய தொழில் அவருடையது. முந்தைய இரவு நகரின் மறுகோடியில் ஒரு திருமண வரவேற்பு. அதனைக் கழற்றி ஏற்றும்போது இரவு மணி இரண்டு. காலை ஆறு மணிக்கு நம் மண்டபத்து வாயிலில் வண்டியுடன் நின்றார். பகலில் அவர் உண்டது இரண்டு பன்னும் நான்கைந்து தேநீரும் என்று பின்னர் அறிந்தோம்.

மாலை ஆறரை மணியளவில், குழந்தைகளின் நடனத்திற்கு முன்பு, அவர் நாற்காலியில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. தை மாதத்துப் பெங்களூர் மாலையில் வியர்ப்பானேன் என்று அப்பொழுது எவரும் எண்ணவில்லை. என்னவென்று வினவினோம். “ஒண்ணுமில்லீங்க, வாயுதான். ஒரு சோடா குடிச்சாச் சரியாப்போகும்” என்றார். சோடா வாங்கிவரச் சிறுவன் ஒருவனை அனுப்பினோம். அவர் குடித்தார், ஏப்பம் விட்டார், சிரித்தார். நாமும் நிம்மதியுடன் மேடைப் பக்கம் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நிகழ்ச்சி நடந்தது. நடனம், பட்டிமன்றம், பரிசளிப்பு, நன்றியுரை. நன்றியுரையில் ஒலி ஒளி அமைத்தவருக்கும் ஒரு வரி நன்றி கூறப்பட்டது. ஒன்பதே முக்கால் மணிக்குக் கம்பிப் பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் அதன்மேலேயே சாய்ந்தார். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். இதயத்தைப் பார்க்கும் வசதி அங்கே அவ்வேளையில் இல்லை. அங்கிருந்து வேறோர் இடத்திற்குச் சென்று, அடைப்பை நீக்கும் சிகிச்சை தொடங்கியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மீளாதபடி கெட்டுவிட்டது என்று மருத்துவர் கூறினார். மறுநாள் காலை நடைகூடத்தில் அவர் மனைவி நம்மைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “ஆறரை மணிக்கே வலின்னு சொன்னாராமே, அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?” இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

காலத்தின் கணக்கு

அந்த அம்மையாரின் கேள்வியில் அடங்கியிருந்தது மருத்துவ நூல்கள் கூறும் உண்மையே. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றில் கொழுப்புப் படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, வழி அடைபடுவதே மாரடைப்பு. அடைபட்ட நேரம் முதல் தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்பர். உறைந்த இரத்தத்தை மருந்தால் கரைப்பதாயினும், குழாய் செலுத்தி அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைப்பதாயினும், முந்திச் செய்தால் தசை பிழைக்கும். பிந்தினால் ஆள் பிழைத்தாலும் இதயத்தின் வலு குறைந்துபோகும். நம் நண்பர் இழந்த ஐந்து மணி நேரத்தின் பொருள் இதுவே.

நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லா வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவை இதன் அடையாளங்கள். நீரிழிவு உடையவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோர்க்கும் வலி தெளிவாகத் தோன்றாமல் வெறும் அயர்வும் மூச்சிரைப்புமாகவே வருவதும் உண்டு. வயிற்றெரிச்சலா, இதயமா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல யாராலும் இயலாது. ஈ.சி.ஜி. எடுக்க ஆகும் நேரமோ சில நிமிடங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மீண்டும் எடுத்துப் பார்ப்பது மருத்துவர் வழக்கம். ஆகவே சோடாவுக்கு ஆள் அனுப்பும் நேரத்தில் 108-க்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

2021 அக்டோபர் 29-ஆம் நாள் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் தம் 46-ஆவது வயதில் மாரடைப்பால் மறைந்தபோது இம்மாநிலமே கலங்கியது. நாள்தோறும் உடற்பயிற்சி செய்தவருக்கே இந்நிலை என்றால் நாம் எம்மாத்திரம் என்று மக்கள் அஞ்சி, இதயப் பரிசோதனைக்கு மருத்துவமனைகளில் கூடினர். கர்நாடக அரசு 2023-ஆம் ஆண்டு அவர் பெயரிலேயே ‘ஹ்ருதய ஜ்யோதி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட, தாலுகா அரசு மருத்துவமனைகளில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே ஈ.சி.ஜி. எடுக்கின்றனர், ஜெயதேவா இதயநோய் நிறுவனம் போன்ற பெரிய நிலையங்களின் வல்லுநர் அதனைத் தொலைவிலிருந்தே பார்த்துக் கூறுகின்றனர், தேவைப்படின் உறைவைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் என்னும் விலையுயர்ந்த ஊசியை இலவசமாகப் போடுகின்றனர். ஏழைக்கும் அந்த முதல் மணி நேரம் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆயினும் வலியை வாயு என்று கூறி வீட்டிலோ மேடை ஓரத்திலோ அமர்ந்திருப்பவரை எந்தத் திட்டமும் தேடி வந்து அழைத்துச் செல்லாது.

தொழில் தரும் மூப்பு

இத்தொழிலாளர்க்கு இவ்வாபத்து முந்தி வருவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, நம் இனத்து உடல்வாகு. 52 நாடுகளில் நடத்தப்பட்ட ‘இண்டர்ஹார்ட்’ ஆய்வின் வழி 2007-இல் வெளிவந்த கணக்கின்படி, முதல் மாரடைப்பு வரும் நடுவயது தெற்காசியரிடையே 53. பிற நாட்டவரிடையே ஏறக்குறைய 59. ஆறு ஆண்டுகள் நமக்கு முந்திவிடுகின்றன. புகை, இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, தொந்தி, மனவுளைச்சல், காய்கனி குறைந்த உணவு, உடலசைவின்மை முதலியவையே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம் என்றும் அதே ஆய்வு காட்டியது.

இரண்டாவது, உழைக்கும் நேரம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் மிகுதி என்று கூறுகிறது. முகூர்த்த மாதங்களில் நம் டெக்னீஷியன்கள் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் 55 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்குத் திறந்த வெளியில் ஒலிபெருக்கி ஓய வேண்டும். ஊரார் உறங்க அந்த விதி நல்ல விதி. ஆனால் ஒலி ஓய்ந்த பின்னர்தான் இவர்கள் கழற்றத் தொடங்குவர் என்பதால், இவர்கள் உறங்கும் நேரம் விடியற்காலையாகிறது. அடுத்த மண்டபம் காலையிலேயே காத்திருக்கிறது.

மூன்றாவது, ஓசை. 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் வகுத்திருக்கிறது. அக்கணக்கின்படி 100 டெசிபலில் இருக்கத்தக்க நேரம் 15 நிமிடமே. இசைக் கச்சேரியில் ஸ்பீக்கர்க்கு அருகே நிற்பவர் மூன்று மணி நேரம் நிற்கிறார். காதிலே ஓயாத இரைச்சல் வந்துவிட்டது என்று நாற்பது வயதிலேயே சொல்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். செவியே மூலதனமான தொழிலில் செவி கெடுவதைவிட வேறு நட்டம் ஏது? விலை மலிவான நுரைப்பஞ்சு அடைப்பானைக் காதில் வைப்பது நாணத்தக்க செயல் அன்று.

நான்காவது, பணம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது முதலில் நின்றவை விழாக்கள். கடைசியில் திரும்பியவையும் விழாக்களே. அந்நாளில் வாங்கிய கடன் பல வீடுகளில் நெடுநாள் நின்றது. எனவே வரும் தேதி எதனையும் தள்ள மனம் வருவதில்லை. ஒருநாள் மறுத்தால் அடுத்த முறை அழைப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்ற அச்சம் இளைஞனுக்கும் உண்டு. ஐம்பது வயதுக்காரருக்கு அது இரு மடங்கு. தமக்கு வயதாகிறது என்பதை உடன் உழைப்பவர் அறியலாகாது என்பதற்காகவே மூத்தவர் பெரிய பெட்டியைத் தாமே முன்சென்று தூக்குகிறார். வலியையும் அதற்காகவே வாயு என்கிறார்.

பதிவேடு இல்லாத உழைப்பு

இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நம் மேசை வழியே அடிக்கடி கடந்து செல்லும் தாள்களுள், வண்டி ஓட்டுநர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும் தாளும் ஒன்று. 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கும் பின் ஆண்டுதோறும் என்று முறை வகுத்திருக்கிறார்கள். வயது ஏற ஏறப் பரிசோதனையும் நெருங்கி வரும். பரிசோதனை நாள் தவறினால் ஓட்டுநர் மறந்தாலும் பதிவேடு மறப்பதில்லை. கண்ணோ இதயமோ தளர்ந்தவருக்கு இலகுவான வேறு பணி தேடித் தரப்படுகிறது, வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை.

பீன்யாவின் ஆலைத் தொழிலாளர்க்கும், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் நோய்க்கால உதவியும் உண்டு. ஆனால் இன்று ஒரு முதலாளி, நாளை வேறொரு முதலாளி, நாட்கூலியும் பேட்டாவும் என்று வாழும் டெக்னீஷியனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. இருபதடி உயரத்துச் சட்டத்தில் ஏறி விளக்குக் கட்டுபவரின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்க இங்கே அலுவலகம் எதுவும் கிடையாது. அட்டையோ ஊரில் இருக்கிறது. உடலோ இங்கே உழைக்கிறது. குடும்ப அட்டை கிருஷ்ணகிரியிலும், மருத்துவக் காப்பீடு அதனோடு ஒட்டியும் இருக்க, நள்ளிரவில் பெங்களூர் மருத்துவமனை வாயிலில் நின்று எது செல்லும், எது செல்லாது என்று கேட்கும் நிலை நம்மவர் பலர்க்கு நேர்ந்திருக்கிறது.

சென்னைத் திரையுலகில் விளக்குத் தொழிலாளர்க்குச் சங்கம் உண்டு. 2023 மார்ச்சில் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அவர்களின் நலநிதிக்கென்றே கச்சேரி நடத்தினார். மேடைக்கு முன்னே நிற்பவர், பின்னே நிற்பவரை நினைத்துக்கொண்ட நல்ல நிகழ்ச்சி அது. அவரளவு நம்மால் ஆகாது. ஆனால் நம் அளவுக்கு ஆவன உண்டு.

நாம் செய்யக்கூடியவை

முதலில் வீட்டில். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும் 31 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் உண்டு என்று மதிப்பிட்டது. இவை இரண்டும் நெடுநாள் வலி தராமலே உடலைத் தின்பவை. மருந்துச் சீட்டும் காப்பீட்டு அட்டையும் அக்குறிப்பேட்டின் உறையிலேயே இருக்கட்டும். எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை நோயில்லாத நாளிலேயே நேரில் சென்று கேட்டு அறிக. அமைப்புசாராத் தொழிலாளர்க்கென 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் 16 முதல் 59 வயதுக்குள் உள்ளோர் சேரலாம். வடிவங்களை நிரப்பத் தெரியாதவர்க்கு ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நிரப்பித் தருகின்றோம்.

அடுத்து, வலி வந்த வேளையில். வேலையை நிறுத்தி உட்கார வையுங்கள், நடக்கவிடாதீர்கள், தாமே வண்டி ஓட்டிச் செல்லவும் விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை தரலாமா என்பதை அவர்களையே கேளுங்கள். ஒவ்வாமையோ குடற்புண்ணோ உள்ளவர்க்கு அது ஆகாது. ஆள் நினைவிழந்து, மூச்சும் சீராக இல்லையெனில், நடு மார்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டங்குல ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும் வரை அழுத்துங்கள். இதனைக் கற்றுத்தர மருத்துவர் ஒருவர் நம் சங்கத்திற்கு வர இசைந்திருக்கிறார்.

மூன்றாவது, விழா நடத்தும் நாம். ஒலி ஒளி அமைப்போர்க்கு விருந்தினரோடு சேர்த்து முதற்பந்தியிலேயே உணவு. அவர்க்குச் சிறிது நேரம் சாய ஓர் இடம். கூலி அன்றே. ஈ.சி.ஜி. வசதியோடு இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதைச் செயலாளர் முன்னரே கேட்டு, மேடைக்குப் பின்னே எழுதி ஒட்டுதல். எவரேனும் வலி என்றால் நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமை பெற்ற ஒருவரை ஒவ்வொரு விழாவுக்கும் பெயர் குறித்து அமர்த்துதல். நடனம் பத்து நிமிடம் பிந்தினால் எந்தக் குழந்தையும் வாடிவிடாது.

நான்காவது, தொழிலில் மூத்தோர். முப்பது ஆண்டு உழைத்தவரின் செல்வம் அவர் தோளில் இல்லை. செவியிலும் அனுபவத்திலும் இருக்கிறது. எந்த மண்டபத்தில் எதிரொலி எங்கே எழும், எந்தக் கம்பியில் மின்கசிவு வரும் என்பது பெட்டி தூக்கும் இளைஞனுக்குத் தெரியாது. தூக்குவதை இளையோரும், சொல்லித் தருவதை மூத்தோரும் செய்தால் இருவர்க்கும் நலம். இதனை வாடகை நிறுவனத்தாரிடம் எடுத்துச் சொல்லச் சங்கம் தயங்கலாகாது.

நம் நண்பர் இப்பொழுது சுமை தூக்குவதில்லை. பீடியை விட்டுவிட்டார், மாத்திரைகளைத் தவறாது உட்கொள்கிறார். அவருடைய மூத்த மகன், பாலிடெக்னிக் படிப்பை நடுவில் விட்டு, அதே பெட்டிகளைத் தூக்குகிறான். அவன் வயது 19. ஐந்து மணி நேரத் தாமதத்தின் விலையில் அந்தப் படிப்பும் சேர்ந்திருக்கிறது என்பதை நினைக்குந்தோறும் நமக்கு மனம் கனக்கிறது. அவன் மீண்டும் படிப்பைத் தொடரச் சங்கம் உதவ வேண்டும் என்று செயற்குழுவில் வேண்டியிருக்கின்றோம். அன்பர்களின் ஆதரவையும் இதன்வழி நாடுகின்றோம்.

வரும் பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்தார். செய்தியை அவரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டார். “பொன்னாடையெல்லாம் வேண்டாங்க. நிகழ்ச்சியை ஒன்பது மணிக்கு முடிச்சுக் கொடுங்க, பசங்க பொழுதோட வீட்டுக்குப் போவாங்க” என்றார். அதனையே தீர்மானமாக எழுதி, கூட்டக் குறிப்பேட்டில் சேர்த்திருக்கின்றோம்.